சுணை பட்ட கண்கள்

கண் கெடுவதற்கு நம் சனங்களிடம் இரண்டு சொல் இருக்கிறது. ஒன்று புரை, மற்றது பூ. புரை வயசான காலத்தில் வரும், மேல்சாதிக்காரனுக்கும் வரும், ஆஸ்பத்திரியில் உரித்துப் போட்டால் பார்வை திரும்பும். பூ அப்படி இல்லை. கருவிழியில் அடிபட்டு, அது புண்ணாகி, புண் ஆறின இடத்தில் வெள்ளையாய்த் தழும்பு விழுவதைத்தான் ‘கண்ணுல பூ விழுந்திருச்சு’ என்கிறோம். செத்தவர் யாராவது கண் கொடுத்து, அந்தக் கருவிழியை எடுத்து ஒட்டினால் ஒழிய பெரிய பூ போகாது. யார் கண்ணில் பூ விழுகிறது என்று பார்த்தால் யார் கதிர் அறுத்தார்கள், யார் களத்தில் நின்று பொலி தூற்றினார்கள் என்பது தெரிந்துவிடும். நெல்லுக்குச் சுணை உண்டு. தாளுக்கு விளிம்பு உண்டு. நிலம் வைத்திருந்தவன் வரப்பில் குடை பிடித்து நின்றான். அவன் கண்ணில் சுணை விழ வழியில்லை.

இந்தியக் கண் மருத்துவத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சுசுருதரில் ஆரம்பிப்பார்கள். ஊசியால் புரையைக் குத்திக் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடுகிற அந்த முறை இருபதாம் நூற்றாண்டிலும் ஊர் ஊராய்ப் போய்ச் செய்யப்பட்டுக்கொண்டிருந்தது. குத்தின அன்றைக்கு வெளிச்சம் தெரியும். சில நாள் கழித்துக் கண் சீழ் பிடிக்கும். அதற்குள் வைத்தியர் அடுத்த ஊர் போயிருப்பார். சென்னையில் கம்பெனிக்காரர்கள் 1819இல் கண் ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். எழும்பூரில் இன்றும் இருக்கிறது, உலகத்திலேயே மிகப் பழைய கண் ஆஸ்பத்திரிகளில் ஒன்று. 1904 முதல் 1913 வரை அதன் தலைவராக இருந்த எலியட் என்ற வெள்ளைக்கார மருத்துவர், இப்படிக் குத்திக் கெட்ட கண்களைச் சேர்த்து வைத்து ஆராய்ந்து ஒரு புத்தகமே எழுதினார். எனக்கு அதில் உறைக்கிற விஷயம் வேறு. ஆஸ்பத்திரி வந்து தொண்ணூறு வருஷம் ஆன பிறகும் சனங்கள் ஊசிக்காரரிடமே கண்ணைக் கொடுத்தார்கள் என்றால், அவர் வாசலுக்கு வந்தார், ஆஸ்பத்திரி வரவில்லை என்று அர்த்தம். அறியாமை என்று இதை எழுதிவிடுவது சுலபம்.

வாசலுக்குப் போகிற வேலை ரொம்பத் தாமதமாகத்தான் தொடங்கியது. 1970களின் தொடக்கத்தில் தமிழக அரசு கண்ணொளி என்ற பெயரில் முகாம்கள் நடத்தியது. 1976இல் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் வந்தது. அதே வருஷம் மதுரையில், அரசு மருத்துவக் கல்லூரியிலிருந்து 58 வயசில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி பதினோரு படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1994இலிருந்து 2002 வரை உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் புரை அறுவைத் திட்டம் நடந்தது. கலெக்டர் தலைமையில் மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கம், அதில் அரசு டாக்டர், தொண்டு நிறுவனம், லயன்ஸ், ரோட்டரி என்று எல்லாரையும் ஒரே மேசையில் உட்கார வைத்த ஏற்பாடு அது. பள்ளிக்கூட வகுப்பறையில் வைத்து அறுத்தது போய், முகாமில் பார்த்து பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற முறையும் பரவியது. இலட்சக்கணக்கான பேர் பார்வை பெற்றார்கள். இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசு வராது.

ஆனால் இந்த மேசையில் எண்ணப்பட்டது எது? அறுவைகளின் எண்ணிக்கை. மாவட்டத்துக்கு இலக்கு இத்தனை, முடித்தது இத்தனை. புரைக்கு இந்தக் கணக்கு பொருந்தும். பூவுக்குப் பொருந்தாது, ஏனென்றால் பூவை அறுத்து எண்ணிக் காட்ட முடியாது. அது விழாமல் தடுக்கத்தான் முடியும். விழாத பூவை எந்தப் பதிவேட்டில் எழுதுவது? புரையிலும்கூட, முகாம் ஊர் பக்கத்தில் நடந்தும், மதுரைப் பகுதிக் கிராமங்களில் கண் கோளாறு இருந்தவர்களில் ஏழு சதவீதத்துக்கும் குறைவானவர்களே முகாமுக்கு வந்தார்கள் என்று 1999இல் வெளியான ஆய்வு சொன்னது. அறுவை இலவசம்தான். கூலி போவது இலவசமில்லை. துணைக்கு வருகிறவரின் கூலியும் சேர்ந்து போகும்.

பூவைப் பற்றிய கணக்கு 1990களில்தான் கிடைத்தது. மதுரை மாவட்டத்தில் 1993இல் இலட்சம் பேருக்கு 113 பேர் வீதம் கருவிழிப் புண் வந்தது என்று கணக்கிட்டார்கள். அமெரிக்காவில் ஒரு கவுண்டியில் எடுத்த கணக்கைப் போலப் பத்து மடங்கு. 1994 ஜனவரி தொடங்கி மூன்று மாதத்தில் மதுரை அரவிந்துக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். பாதிக்கு மேல் விவசாய வேலை செய்பவர்கள். மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்குக் கண்ணில் அடிபட்டுத்தான் புண் வந்திருந்தது. கிருமி கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது பூஞ்சை. மண்ணிலும் தாளிலும் இருக்கிற பூஞ்சை. தை, மாசி என்ன மாசம் என்று நமக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

டாக்டர் எம். சீனிவாசனும் சான்பிரான்சிஸ்கோ டாக்டர் ஜான் விட்சரும் இதை ஓசையில்லாத கொள்ளைநோய் என்று எழுதினார்கள். ஓசை இல்லாததற்குக் காரணம் உண்டு. என் அத்தைக்கு இடக்கண்ணில் பூ. நடவுக்குப் போவார், களையெடுக்கப் போவார், ஒரு நாளும் அதை நோய் என்று சொன்னதில்லை. ‘தூசி விழுந்துச்சு, கண்ணு போச்சு’ என்று முடித்துவிடுவார். வேலையில் போன விரலுக்கு நஷ்டஈடு கேட்கலாம் என்பதே தெரியாத இடத்தில் கண்ணுக்கு யார் கேட்பது? சுணை விழுந்தால் முந்தானையால் ஊதி ஒத்தடம் கொடுப்பார்கள், தாய்ப்பால் விடுவார்கள், விளக்கெண்ணெய் விடுவார்கள், நாக்கால் தூசி எடுப்பவரிடம் போவார்கள். கீறல் அப்போது சின்னதுதான். அதன் வழியாகக் கிருமி உள்ளே இறங்குவதற்கு நேரம் கிடைத்துவிடுகிறது.

அந்த நேரத்தை அளந்து காட்டினவர்கள் நேபாளத்துக்காரர்கள். காத்மாண்டுவுக்குப் பக்கத்தில் பக்தபூரில், டாக்டர் மதன் உபாத்யாய் தலைமையில், ஏறத்தாழ 35,000 பேர் வாழும் பகுதியில் இரண்டு வருஷம் நடந்த வேலை அது. ஊர்க்காரர்களையே பழக்கி, கண்ணில் கீறல் பட்டவர்களுக்கு ஒரு சதவீதக் குளோரம்பெனிக்கால் களிம்பு, நாளுக்கு மூணு வேளை, மூணு நாள். 442 கீறல்களில் 96 சதவீதம் புண்ணாகாமல் ஆறின. அடிபட்டு 18 மணி நேரத்துக்குள் களிம்பு போட்டவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை. 2001இல் இது அச்சில் வந்தது. காசு பெறாத களிம்பு, நாலு எழுத்துப் படித்த ஊர் ஆள், ஒரு பொழுது. இதுக்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

பிறகு இதே முறையைப் பூட்டானிலும் பர்மாவிலும் மதுரை மாவட்டத்திலும் செய்து பார்த்தார்கள். உபாத்யாய் மதுரை வேலையிலும் பங்கெடுத்தார். ஒரே வெயிலும் மழையும் நெல்லும் உள்ள நாடுகள் ஒன்றுக்கொன்று கற்றுக்கொண்டது அபூர்வம். மதுரையில் இரண்டு பஞ்சாயத்துகள், 48,000 பேர், 15 ஊர்ப் பணியாளர்கள், 18 மாதம். நீல ஒளி டார்ச்சும் கீறலைக் காட்டுகிற சாயமும் அவர்கள் கையில். 1,365 பேர் அடிபட்ட கண்ணோடு வந்தார்கள். அவர்களில் 374 பேருடைய கருவிழிக் கீறலுக்குக் களிம்பு போட்டார்கள், ஏறக்குறைய எல்லாருக்கும் தொல்லையில்லாமல் ஆறியது. பாதிப் பேருக்குப் பூஞ்சை மருந்தும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. கீறலை உடனே காப்பாற்றினால் பூஞ்சைக்குத் தனி மருந்தே தேவைப்படவில்லை. மதுரை முடிவு 2006இல் வெளிவந்தது.

பிறகு நேபாளத்தில் இதைப் பெரிய அளவில், தன்னார்வச் சுகாதாரப் பெண்களை வைத்து, 24 ஊராட்சிப் பகுதிகளில் செய்தார்கள். பாதி ஊர்களில் பணியாளர் உண்டு, பாதியில் இல்லை. 2022இல் வந்த முடிவு: இரண்டு பக்கமும் கருவிழிப் புண்ணில் வேறுபாடு தெரியவில்லை. களிம்பு பொய் என்று இதைப் படிக்கிறவர்கள் உண்டு. என் வாசிப்பு வேறு. கீறல் பட்டவர் பணியாளரிடம் அந்த ஒரு பொழுதுக்குள் போனால்தான் களிம்பு வேலை செய்யும். போவாரா என்பது களிம்பின் கையில் இல்லை.

நம் நாட்டில் அது யார் கையில் இருக்கிறது? கன்ஷியாம் ஷாவும் மற்றவர்களும் 11 மாநிலங்களில் 565 கிராமங்களைப் பார்த்து 2006இல் வெளியிட்ட தீண்டாமை ஆய்வில், மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீட்டுக்குள் வர மறுத்தார்கள் என்று இருக்கிறது. களிம்பு வைத்திருக்கிறவர் ஊர்த்தெருவில் குடியிருந்தால், சாயங்காலம் வேலை முடிந்து கண்ணைப் பொத்திக்கொண்டு காலனிப் பெண் அந்த வாசலில் போய் நிற்பாரா? ‘விடியட்டும்’ என்பார். விடிவதற்குள் பதினெட்டு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போய்விடும். 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு, ஐம்பது வயசுக்கு மேற்பட்டவர்களில் ஆணைவிடப் பெண்ணுக்கும், படித்தவரைவிடப் படிக்காதவருக்கும் பார்வையிழப்பு அதிகம் என்று காட்டியது. சாதி என்ற கட்டம் நான் பார்த்த அட்டவணைகளில் இல்லை. முந்தைய கணக்கைவிட மொத்த அளவு வெகுவாய்க் குறைந்திருப்பதாகவும் சொன்னார்கள். 2017இல் பார்வையிழப்பு என்பதற்கான அளவுகோலையே மாற்றிக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

இப்போது அறுவடை மிஷின் பல ஊர்களில் வந்துவிட்டது. சுணை அங்கே குறைந்திருக்கும். மிஷின் இறங்காத சேற்று வயலுக்கும், கரும்புத் தோகைக்கும், கல் உடைக்கிற குவாரிக்கும், செங்கல் சூளைக்கும் நம் ஆட்கள்தான் போகிறார்கள். 2021இலிருந்து தமிழகத்தில் மக்களைத் தேடி மருத்துவம் என்று சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. அந்தப் பையில் ஒரு களிம்புக் குழாயும் நீல டார்ச்சும் இருக்கிறதா என்று இந்த இதழைப் படிக்கிற தோழர்கள் அவரவர் பகுதியில் கேட்டுப் பாருங்கள். பையைச் சுமந்து வருகிற பெண்ணின் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது, ராத்திரி எட்டு மணிக்குக் காலனியிலிருந்து அங்கே போய்க் கதவைத் தட்ட முடியுமா என்பதையும் கேட்டு எழுதுங்கள். கண்ணில் பூ உள்ளவர்களிடம் எந்த வருஷம், எந்த வேலையில், யார் வயலில் அடிபட்டது என்று பேர்வாரியாகக் குறித்து வையுங்கள்.