பீப்பாய்க்குக் கிடைத்த காலம்

வெளிநாட்டில் வேலை பார்க்கும் நண்பர் ஊருக்கு வந்தபோது ஒரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். டாலிஸ்கர், 25 ஆண்டு. 'இருபத்தஞ்சு வருஷமா பீப்பாய்க்குள்ள கிடந்ததுய்யா' என்றார். ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றினார். புகை, உப்பு, கடைசியில் மிளகின் காரம். நல்லாத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லும் அளவுக்கு நான் யோக்கியன் இல்லை. ஆனால் அந்த 25 என்ற எண் உறுத்தியது. அது யாருடைய காலம்?

சிங்கிள் மால்ட் என்பது ஒரே வடிசாலையில் மால்ட் பார்லியிலிருந்து மட்டும் வடிப்பது. வடித்த கணத்தில் அது தண்ணீர்போல நிறமற்றது. நிறத்தையும் ருசியில் பெரும்பகுதியையும் தருவது ஓக் பீப்பாய். ஸ்காட்லாந்திலேயே குறைந்தது 3 ஆண்டு அதில் கிடக்க வேண்டும் என்பது சட்டம். ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது. இதற்குத் 'தேவதைகளின் பங்கு' என்று பெயர். இந்தக் கணக்குப்படி 25 ஆண்டில் பத்துக்கு நான்கு பங்கு காற்றோடு போய்விடும். உழைப்பு நேரம் வேறு, உற்பத்தி நேரம் வேறு என்று மார்க்ஸ் 'மூலதனம்' இரண்டாம் தொகுதியில் பிரித்துக் காட்டுகிறார். யாரும் கை வைக்காமலேயே சரக்கு தயாராகிக்கொண்டிருக்கும் நேரம் அது. அப்படிக் காத்திருப்பது எல்லோருக்கும் முடிகிற காரியமல்ல.

டாலிஸ்கர் வடிசாலை ஸ்காட்லாந்தின் மேற்கே ஸ்கை தீவில், கார்பாஸ்ட் கிராமத்தில், கடற்கழி ஓரமாக இருக்கிறது. 1830இல் ஹியூ, கென்னத் என்ற மெக்கஸ்கில் சகோதரர்கள் தொடங்கியது. விளம்பரம் சொல்லும் வரலாறு இங்கேதான் ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் நடந்ததுதான் நமக்கு வேண்டியது. 1820களில் மெக்லியோட் குலத் தலைவரிடமிருந்து டாலிஸ்கர் நிலங்களைக் குத்தகைக்கு எடுத்த ஹியூ, அங்கே காலங்காலமாக உழுதுகொண்டிருந்த குடிகளைக் கிளப்பிவிட்டு ஆடுகளைக் கொண்டுவந்து விட்டார். துரத்தப்பட்டவர்களில் சிலர் கரையோரம் ஒதுங்கி அதே வடிசாலைக்குக் கூலிகளானார்கள். சிலர் கப்பலேறினார்கள். இது ஒரு தீவில் மட்டும் நடந்ததல்ல. பெருநிலத்தின் வடக்கே சதர்லாந்தில் 1814 முதல் 1820 வரை 15,000 பேர், சுமார் 3,000 குடும்பங்கள், வேரோடு பிடுங்கப்பட்டதை மார்க்ஸ் முதல் தொகுதியில் பதிவு செய்திருக்கிறார்.

அந்தக் காலத்தில் ஸ்கையின் சிறுகுடியானவர்களில் பெரும்பாலோருக்கு நிலத்தில் நிலைத்த உரிமை எதுவும் கிடையாது. நிலப்பிரபு நினைத்தால் அடுத்த வருஷமே வெளியேற வேண்டியதுதான். பீப்பாய்க்கு 25 வருஷம். அதை உருட்டியவனுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் உத்தரவாதம் இல்லை. வயது என்று லேபிளில் அச்சாகியிருப்பது வெறும் காலமல்ல. யாருக்குக் காலம் உண்டு, யாருக்கு இல்லை என்பதைத் தீர்மானித்த அதிகாரம்.

இந்த நிலைமை தானாக மாறவில்லை. 1882இல் அதே தீவின் பிரேஸ் கிராமங்களில் மேய்ச்சல் நிலம் கேட்டுக் குடியானவர்கள் வாரம் கட்ட மறுத்தார்கள். கிளாஸ்கோவிலிருந்து வரவழைக்கப்பட்ட சுமார் 50 போலீசாரைக் கல்லால் எதிர்கொண்டதில் பெண்கள் முன்னால் நின்றார்கள். அந்தப் போராட்டத்தை ஸ்கையில் பிறந்த மேரி மெக்பெர்சன் கேலிக் மொழியில் பாட்டாகக் கட்டினார். 1883இல் நேப்பியர் விசாரணைக் குழு வந்தது. 1886இல் குடியானவர்களை இஷ்டப்படி வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. வடிசாலை தொடங்கி 56 ஆண்டுகள் கழித்து! அதுவும் மிஞ்சியிருந்தவர்களுக்குத்தான். பறிபோன நிலத்தை அது திருப்பித் தரவில்லை.

'குடிக்கிற நேரத்துல ஏன்யா இதெல்லாம்?' என்றார் நண்பர். குடிக்காதே என்று நான் சொல்லவில்லை, நானும்தான் குடித்தேன். வயதை எண்ணுவது என்று ஆரம்பித்தால் பீப்பாயில் ஊற்றிய நாளிலிருந்து எண்ணினால் போதாது என்றுதான் சொன்னேன். காற்றில் போனதற்குக்கூடத் தேவதைகளின் பங்கு என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கப்பலில் போனவர்களின் பங்குக்குப் பெயரே இல்லை.