கல்லும் காணியும் தந்த ஆறுதல்

இறந்தவரை எண்ணி அழுவது எந்நாட்டு மாந்தர்க்கும் பொது. அழுகின்ற வீட்டாரைத் தாங்கும் பொறுப்பு யாருடையது என்னும் வினாவிற்கு நம் முன்னோர் கண்ட விடை, ஏட்டில் மட்டுமன்றிக் கல்லிலும் நிற்கிறது. அதுவே நடுகல்.

2006ஆம் ஆண்டில், தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில், பழந்தமிழ் எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டெடுக்கப்பெற்றன. அவற்றுள் ஒன்று, ஆநிரை கவர்ந்த பூசலில் வீழ்ந்த அந்தவன் என்பானுக்கு எடுத்தது. முடியுடை வேந்தன் அல்லாதவன் பெயரும் அழியலாகாது என்று அவன் சுற்றத்தார் கருதியதற்கு அக்கல் சான்றாகும்.

கல் நடுதலைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறாக வகுக்கிறது தொல்காப்பியம். கல்லைத் தேர்ந்து, கொணர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்தும் இவ்வினைகள் ஒருவர் தனித்துச் செய்யத்தக்கன அல்ல, பலர் கூடவேண்டும். துயருற்ற வீட்டார் நாள்தோறும் தம்மவர் நடுவே இருக்க, இச்சடங்கே வழிசெய்தது எனலாம்.

அத்துடன் கடமை முடிந்ததாக அவர்கள் எண்ணவில்லை. மாண்டவன் குடும்பம் வாழ நிலம் விடப்பட்டதையும் கல்வெட்டுக்கள் கூறுகின்றன. அந்நிலத்திற்கு நெய்த்தோர்ப்பட்டி, உதிரப்பட்டி என்பன பெயர். நெய்த்தோர் என்றால் குருதி. கன்னட நாட்டில் இத்தகைய கொடைக்கு நெத்தரு கொடகி என்று பெயர். நெய்த்தோரும் நெத்தரும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். ஆறுதல் மொழி மட்டும் அடுப்பை எரிக்காது என்பதை இரு நாட்டாரும் உணர்ந்திருந்தனர்.

கன்னட நாட்டு வீரகற்கள் பலவற்றில் மூன்று அடுக்குச் சிற்பங்களைக் காணலாம். அடியில் வீரன் பொருது வீழ்கிறான். நடுவில் தேவமகளிர் அவனை விண்ணுக்கு ஏந்திச் செல்கின்றனர். மேலே அவன் சிவலிங்கத்தின் திருமுன் அமர்ந்திருக்கிறான். எழுத்தறியாத தாயும் இக்கல்லைப் படிக்கலாம். மகன் வீழ்ந்ததை அது மறைக்கவில்லை. அதைக் கீழே காட்டிவிட்டு, அவன் சென்றடைந்த இடத்தை மேலே காட்டுகிறது. உண்மையை ஒளியாமல் ஆறுதல் கூறும் முறை இது.

பெங்களூரில் வாழும் தமிழன்பர்கள் பேகூர் நாகேசுவரர் கோயிலுக்குச் சென்றால், கி.பி. 890ஆம் ஆண்டளவில் பெங்களூர்ப் போரில் மடிந்த ஒருவரைக் குறிக்கும் கல்வெட்டைக் காணலாம். குஜராத்தில் வாழ்வோர், கத்தியவாட்டிலும் கச்சிலும் பாலியா என்னும் நினைவுக்கற்களை ஊர்ப்புறங்களில் காண்பர். மொழி வேறாயினும் அவை நமக்கு அயலானவை அல்ல.

சொந்த ஊரில் ஒரு சாவு நேர்ந்தால் பங்காளிகளும் சம்பந்திகளும் தாமே வந்து சேர்வர். அயல் மாநிலத்து நகரில் துயருற்ற தமிழ்க் குடும்பத்திற்கு அவர்கள் வந்துசேர நாளாகும். அதுவரை அவ்வீட்டாருக்குச் சுற்றம் நாமே. உடனிருந்து சோறு சமைத்துப் போடுவதும், சடங்கிற்கு வேண்டியன தேடித் தருவதும், கூட்டம் கலைந்த பின்னரும் அவ்வீட்டுப் பிள்ளைகளின் கல்விச் செலவை நினைவில் வைப்பதும் நம்மால் இயலும். கல்லும் காணியும் கொடுத்தோரின் வழிவந்த நாம் இவ்வளவேனும் செய்வோமாக.