படையில் சேர்தல் பற்றிய குடும்பக் கடிதங்களும் மொழிபெயர்ப்புச் சான்றும்

1. முன்னுரை

போர்க்காலத்தில் படையில் சேர்ந்தோரும் சேர எண்ணியோரும் தம் குடும்பத்தாருக்கு எழுதிய கடிதங்கள் மொழியியல் நோக்கில் இருவகைப்படும். மூல வடிவிலேயே கிடைப்பன ஒருவகை. மொழிபெயர்ப்பாக மட்டுமே எஞ்சியவை மற்றொரு வகை. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் (1861-1865) கடிதங்கள் முதல் வகையைச் சார்ந்தவை. அவை முறையான தணிக்கைக்கு உட்படவில்லை. மிகுதியும் கல்லாத வீரர்கள் தாம் பேசியவாறே எழுத்துக்கூட்டி எழுதினர். ஆதலின் மைக்கேல் எல்லிஸ், மைக்கேல் மான்ட்கோமரி ஆகிய மொழியியலார் அவற்றைத் தொகுத்து அக்கால வட்டாரப் பேச்சை ஆராய முடிந்தது. முதல் உலகப் போரின்போது பிரான்சிலிருந்த இந்தியச் சிப்பாய்களின் கடிதங்கள் இரண்டாம் வகையின. மூலம் இழந்த இக்கடிதங்கள், இலங்கை உள்நாட்டுப் போர்க்காலத் (1983-2009) தமிழ்க் கடிதங்களைப் பெயர்ப்போர்க்கு உணர்த்தும் பாடம் யாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. தணிக்கை அலுவலகக் கடிதங்கள்

இந்தியப் படைப்பிரிவுகள் 1914 செப்டம்பரில் மார்செய் துறைமுகத்தில் இறங்கின. அவர்தம் அஞ்சலை ஆராய ஈ. பி. ஹாவெல் என்னும் அதிகாரியின் தலைமையில் ஒரு தணிக்கை அலுவலகம் பூலோன் நகரில் இயங்கியது. உருது, இந்தி, பஞ்சாபி முதலிய மொழிகளில் அமைந்த கடிதங்களிலிருந்து தெரிந்தெடுத்த பகுதிகள் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு அறிக்கைகளுடன் இணைக்கப்பட்டன. மூலக் கடிதங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. அறிக்கைகள் இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. டேவிட் ஒமிஸ்ஸி 1999இல் வெளியிட்ட தொகுப்பு இவற்றையே அடிப்படையாகக் கொண்டது.

சிப்பாய்களுள் பலர் எழுத்தறிவற்றவர்கள். ஒருவர் சொல்ல, மற்றொருவர் எழுதினார். ஊரில் வேறொருவர் உரக்கப் படிக்க, குடும்பத்தார் கேட்டனர். இடையே தணிக்கையாளரும் படித்தார். இந்நிலையில், தம்பியைப் படையில் சேரவிடாதீர் என்று எழுத விரும்பியோர் சிலர் வெளிப்படையாகவும் சிலர் மறைமுகமாகவும் எழுதினர். கடமையை வலியுறுத்தியோர் அரசின் உப்பைத் தின்றதை நினைவூட்டினர். இவ்வுப்பு வழக்கை அப்படியே தமிழில் தருவதா, 'செஞ்சோற்றுக் கடன்' என்பதா என்பது மொழிபெயர்ப்பாளர் தீர்மானிக்க வேண்டியது. முன்னது வடபுல வழக்கைக் காக்கும். பின்னது தமிழ்ப் படிப்போர் நெஞ்சில் உடனே தைக்கும். ஆயின் சிப்பாய் வாய்மொழியாகச் சொன்ன தொடர் எது என்பதை உறுதிசெய்ய மூலம் இல்லை.

3. மிளகுக் குறி

மறைமொழிகளுள் பலராலும் எடுத்துக்காட்டப்படுவது மிளகு பற்றியது. ஆங்கிலப் பெயர்ப்பில் கருமிளகு இந்தியரையும் செம்மிளகு வெள்ளையரையும் குறிக்கின்றன. கருமிளகு செலவழிந்து வருகிறது என்பது, இந்தியர் மடிகின்றனர் என்று ஊருக்கு விடுக்கும் எச்சரிக்கை. நன்னூலார் தகுதி வழக்குள் ஒன்றாகக் கூறும் குழூஉக்குறியோடு இதனை ஒப்பிடலாம். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது அதற்குக் காட்டப்படும் உதாரணம். பொற்கொல்லர் குறி தொழிற்குழுவினுள் அடங்குவது. சிப்பாயின் குறியோ அதனை முன்னறியாத வீட்டார்க்கும் விளங்கியாக வேண்டியது. எனவே அது நிறத்தை வெளிப்படக் காட்டுகிறது.

இந்தியில் 'காலீ மிர்ச்', 'லால் மிர்ச்' என ஒரே பெயர்ச்சொல் இரு நிற அடைகளைப் பெறுவதால் இக்குறி இயல்பாக அமைகிறது. பிற மொழிகளில் அவ்வாறன்று. இதனைச் சோதித்தறிய, மலையாளம், கொங்கணி, குஜராத்தி, தமிழ் ஆகியன அருகருகே வழங்குவதும் நெடுங்காலம் மிளகு வணிகத்தின் மையமாக விளங்கியதுமான கொச்சியின் மட்டாஞ்சேரி ஏற்ற களமாகும். மலையாளத்தில் 'குருமுளகு', 'முளகு' என்பவை ஓரடியின. எனினும் நிறத்தைத் தனியே சேர்த்தாக வேண்டும். குஜராத்தியில் 'மரி', 'மர்ச்சு' என இரு சொற்கள் உள்ளன. தமிழில் மிளகாய் என்பது மிளகு என்பதனடியாகப் பிறந்ததாயினும், இன்று அவை இருவேறு பொருள்கள். 'மிளகு தீர்கிறது, மிளகாய் மிஞ்சுகிறது' என்றால் நிறம் மறைந்து குறியும் அழியும். 'கருமிளகு' என்றால், மிளகுக்கு அவ்வடை வேண்டாமையின், தணிக்கையாளர்க்கு ஐயம் பிறக்கும். ஆக, ஒரு மொழியில் ஒளிந்துகொள்ளும் செய்தி மற்றொரு மொழியில் வெளிப்பட்டுவிடுகிறது, அல்லது தொலைந்துவிடுகிறது.

4. ஈழத்துக் கடிதங்கள்

இலங்கைப் போர்க்காலக் கடிதங்களின் மொழி தமிழே. ஆயினும் மேற்கூறிய இடர் அவற்றிற்கும் உண்டு. 'பொடியள்' என்பது சிறுவர்களைக் குறிக்கும் பொதுச்சொல். போர்க்காலத்தில் அது போராளிகளையும் குறித்தது. 'இயக்கத்துக்குப் போதல்' என்பது ஆயுதக் குழுவில் சேர்தலாகும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இரண்டும் பொருள் திரியும்.

வீட்டைவிட்டுப் புறப்படுவோர் யாழ்ப்பாண வழக்கில் 'போட்டு வாறன்' என்பர். 'போய்விட்டு வருகிறேன்' என்பதன் திரிபு அது. தமிழக மொழிபெயர்ப்பாளர் அதனை எதையோ போட்டுவிட்டு வருவதாகக் கொள்ளக்கூடும். திரிபை அறிந்தவரும் அதனைத் திரும்பி வருவேன் என்னும் உறுதிமொழியாகப் பெயர்த்தால் பிழையே. பிரிவின்போது 'போகிறேன்' என்னாமை மங்கல வழக்கு. இயக்கத்துக்குப் போகும் மகன் அத்தொடரை எழுதி வைத்தால், அது வருகையை அறிவிப்பதன்று. தாயின் மனம் நோகாமல் விடைபெறுவது.

இன்னும் நுட்பமானது வினைவடிவம். 'சேர்ந்தான்' என்பது தன்வினை; 'சேர்த்தார்கள்' என்பது பிறவினை. ஒரு மெய்யெழுத்தின் வேறுபாடு விருப்பத்தையும் வற்புறுத்தலையும் பிரிக்கிறது. கட்டாய ஆட்சேர்ப்பு நிகழ்ந்த ஒரு போரில் இது இலக்கணச் செய்தி மட்டுமன்று. ஆங்கிலச் செயப்பாட்டு வினை இரண்டையும் ஒன்றாக்கிவிடக்கூடும். அயல்நாடுகளில் புகலிடம் வேண்டுவோரின் விசாரணையில் இக்கடிதங்கள் சான்றாக வைக்கப்படும்போது, அவ்வேறுபாடு ஒருவர் வாழ்வையே தீர்மானிக்கலாம்.

5. முடிவுரை

மூலமிழந்த மொழிபெயர்ப்பு வரலாற்றுக்குப் பயன்படும். ஆனால் சொல்லை மீட்டுத் தராது. 1914-18 காலக் கடிதங்களில் அவ்விழப்பு நேர்ந்து முடிந்துவிட்டது. ஈழக் குடும்பங்களின் பெட்டிகளில் மூலங்கள் எஞ்சியுள்ளவரை அதனைத் தவிர்க்க இயலும். ஆகவே, இத்தகைய கடிதங்களைப் பெயர்ப்போர் மூலத்தின் படியை அதன் எழுத்துப்பிழைகளோடு காத்தல், வட்டாரத் திரிபுக்கும் குழூஉக்குறிக்கும் குறிப்பு எழுதுதல், தன்வினை பிறவினை வேறுபாட்டைப் பெயர்ப்பில் வெளிப்படக் காட்டுதல் ஆகிய மூன்றையும் தம் கடமையாகக் கொள்ளுதல் வேண்டும்.