உப்பும் நெய்யும்: சதையிக் குறையை அறிந்த வரலாறு

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில் இந்துமாகடலை நோக்கிக் கிடக்கும் கண்டக்குழியில் உப்பு எங்கும் உள்ளது. காற்றில் உண்டு, கரையேற்றிய வள்ளத்தின் பலகையில் உண்டு, கருவாடு காயும் பாயில் உண்டு, மணலில் ஓடி விளையாடும் பிள்ளையின் நெற்றியிலும் உண்டு. கிழக்கே புத்தளம் கடனீரேரியின் கரையில் விளைந்த உப்பே கண்டி இராச்சியத்து உலைகளுக்குப் பன்னெடுங்காலம் சென்றது. இத்தகைய நிலத்தில், தன் மகவை முத்தமிடும் தாயொருத்தி நெற்றி கரிக்கின்றதே என்று திகைப்படைவதற்கு இடமில்லை.

ஐரோப்பாவின் குளிர்நாடுகளில் நிலைமை வேறாயிருந்தது. முத்தமிடுங்கால் நெற்றி கரிக்கும் குழந்தை நெடுநாள் வாழாது என்னும் எண்ணம் அந்நாட்டு மக்கள் வழக்கிலே நிலவிற்று. சூனியத்திற்கு ஆட்பட்ட குழந்தை என்றும் அதனைக் கூறினர். அக்குழந்தைகளுட் பலர் இன்று ‘சிஸ்டிக் பைப்ரோசிஸ்’ எனப்படும் பரம்பரை நோயினர் என்பது மிகப் பிற்காலத்தில் வந்த விளக்கம். இந்நோயில் உடலின் சுரப்புகள் பசைபோலத் தடிக்கின்றன. நுரையீரலிற் சளி அடைக்கின்றது. வியர்வையில் உப்பு மிகுகின்றது. சதையியின் கான்கள் அடைபட்டு, உணவைச் சமிக்கச் செய்யும் நொதியங்கள் குடலை வந்தடையாது போகின்றன. உண்ட கொழுப்பு உடலிற் சேராமல் வெளியேற, குழந்தை பசித்துப் பசித்து உண்டும் மெலிகின்றது.

நொதியங்களை வெளியிலிருந்து கொடுக்கலாம். பன்றியின் சதையியிலிருந்து எடுக்கப்படும் அம்மருந்து நூறாண்டுக்கு மேலாக மருத்துவரிடம் உள்ளது. ஆயின் எக்குழந்தைக்கு அது தேவை, எக்குழந்தைக்குத் தேவையில்லை, தேவை எப்பொழுது தோன்றியது என்பவற்றை அறிவதே கடினமாயிருந்தது. மருந்து கைக்கு வந்ததைவிட அதற்குரிய வேளையை அறிந்த வரலாறே நீண்டது எனலாம்.

அவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பது ஒரு முயல். 1840களின் பிற்பகுதியில் பாரிஸ் நகரத்து உடற்றொழிலியல் அறிஞர் குளோட் பெர்னார்ட், கொழுப்பு ஊட்டப்பட்ட முயல்களை அறுத்து நோக்கினார். குடலிலிருந்து கொழுப்பைச் சுமந்து செல்லும் நுண்ணிய கலன்கள், கொழுப்பு ஏறியதும் பால்போல வெண்மையாகும். நாயில் அவ்வெண்மை சிறுகுடலின் தொடக்கத்திலேயே காணப்படும். முயலிலோ குடலின் மேற்பகுதிக் கலன்கள் நிறமின்றியிருக்க, ஓரடி தூரம் கீழே சென்ற பின்னரே வெண்மை தோன்றிற்று. காரணம் யாதென அவர் தேடியபோது விலங்கின் அமைப்பே விடையளித்தது. முயலிற் பித்தக்கான் இரைப்பைக்கு அருகிலும், சதையிக்கான் அதற்கு ஓரடிக்கு மேற்பட்ட தூரத்திலும் தனித்தனியே குடலை அடைகின்றன. சதையிச் சாறு வந்து கலந்த இடத்திற்குப் பின்னரே கொழுப்பு ஏற்கப்படுகின்றது! பித்தமே கொழுப்பைச் சமிக்கச் செய்வது என்னும் பழங்கொள்கை இதனால் ஆட்டங்கண்டது. (பித்தத்திற்கும் இதிற் பங்குண்டு என்பதைப் பின்வந்தோர் நிலைநாட்டினர், பெர்னார்ட் சதையியின் பெருமையைச் சற்று மிகைப்படுத்தினார் என்றே கூறவேண்டும்.) சதையி கெட்டால் மலத்தில் நெய் தோன்றும் என்ற அறிகுறிக்கு அறிவியல் அடிப்படை இவ்வாறு அமைந்தது.

எனினும் குழந்தைகளிடத்து இவ்வறிவு பயன்பட ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் சென்றன. வயிறு ஊதி, கைகால் சூம்பி, நாறும் நெய்மலம் கழிக்கும் பிள்ளைகள் அனைவரையும் ‘செலியாக் நோய்’ என்னும் ஒரே பெயரின்கீழ் மருத்துவர் அடக்கினர். நம்மவர் வழக்கில் மாந்தம், சவலை என்ற சொற்கள் பல நோய்களை ஒன்றாக மூடியதை ஒத்தது இது. 1935இல் நியூயோர்க் குழந்தைகள் மருத்துவமனையின் நோயியல் மருத்துவர் டொறதி அன்டர்சன், செலியாக் நோயால் இறந்ததாகக் கருதப்பட்ட ஒரு குழந்தையின் உடலை ஆராய்ந்தார். சதையி இருக்கவேண்டிய இடத்தில் நார்த்திசுவும் சிறு நீர்ப்பைகளும் இருந்தன. பெண் என்பதால் அறுவை மருத்துவப் பயிற்சி மறுக்கப்பட்டு நோயியலுக்கு வந்தவர் அவர். ஒரு குழந்தையோடு நின்றுவிடாது பழைய பிணப் பரிசோதனைப் பதிவுகளைத் தேடித் திரட்டி, 49 குழந்தைகளைப் பற்றிய கட்டுரையை 1938இல் வெளியிட்டார். நோய் தன் பெயரைப் பெற்றது அக்கட்டுரையாலேயே. சுவிற்சர்லாந்தின் குயிடோ பன்கோனி 1936இல் இத்தகைய குழந்தைகளைக் குறிப்பிட்டிருந்தபோதிலும், செலியாக் நோயினின்றும் இதனைத் தெளிவுறப் பிரித்துக் காட்டிய பெருமை அன்டர்சனையே சாரும்.

இறந்த பின்னர் அறிந்து பயனில்லை. ஆதலின் அன்டர்சன் உயிரோடிருக்கும் குழந்தையின் சிறுகுடற் தொடக்கம்வரை மெல்லிய குழாயைச் செலுத்திச் சாற்றை எடுத்து, அதில் நொதியங்களை அளக்கும் முறையைக் கையாண்டார். முறை நம்பத்தக்கதே, குழந்தைக்கோ பெருந்துன்பம். எளிய வழி ஒன்றை 1949இல் பொஸ்ரனைச் சேர்ந்த ஹரி சுவாக்மன் குழுவினர் வெளியிட்டனர். எக்ஸ்கதிர்ப் படச்சுருளின் மேற்பரப்பில் ஜெலற்றின் பூச்சு உண்டு. கரைத்த மலத்தில் ஒரு துளியை அதன்மீது வைத்தால், திரிப்சின் என்னும் நொதியம் இருப்பின் பூச்சுக் கரைந்து படலம் தெளியும். இல்லையெனில் அப்படியே இருக்கும். வறிய மருத்துவமனையிலும் செய்யத்தக்க இச்சோதனை பிழைக்கும் இடங்களும் உண்டு. குடலில் வாழும் பற்றீரியாக்களும் ஜெலற்றினைக் கரைக்கும். வளர்ந்த பிள்ளைகளில் திரிப்சின் குடலிலேயே அழிந்தும் போகும். அதே ஆண்டில் ஒல்லாந்தின் வான் டி காமர், மலத்திலுள்ள கொழுப்பை அளந்தறியும் இரசாயன முறையை வகுத்தார். மூன்று நாள் உண்ட கொழுப்பைக் கணக்கிட்டு, மூன்று நாள் மலம் முழுவதையும் சேர்த்து அளத்தல் வேண்டும். உண்டதில் 7 வீதத்திற்கு மேல் வெளியேறினால் குறையுண்டு என்பது பொதுவிதி. கைக்குழந்தைக்கு இன்னும் சற்றுத் தளர்வுண்டு. இன்றுவரை பிற சோதனைகளை உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல் இதுவே. இதனை விரும்பிச் செய்த தாயோ தாதியோ ஆய்வுகூடப் பணியாளரோ உலகில் இருந்திருப்பர் என்று தோன்றவில்லை.

1948ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் நியூயோர்க்கைக் கடும் வெப்பம் வாட்டியது. வெப்பத்தால் சோர்ந்து மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளுள் சிஸ்டிக் பைப்ரோசிஸ் உடையோர் அளவிற்கு மீறியிருந்ததை அன்டர்சனும் வோல்டர் கெஸ்லரும் கண்டு 1951இல் எழுதினர். இக்குழந்தைகள் எதை இழக்கின்றனர் என்று வினவிய போல் டி சான்ற் அக்னீஸ், வியர்வையில் உப்பு மிகுந்திருத்தலை 1953இல் நிறுவினார். 1959இல் கிப்சன், குக் ஆகிய இருவரும் பைலோகாப்பின் என்னும் மருந்தை மெல்லிய மின்னோட்டத்தால் தோலினுட் செலுத்தி, சிறிதிடத்தில் வியர்வையை எழுப்பிச் சேகரிக்கும் முறையை அமைத்தனர். ஒரு லீற்றர் வியர்வையில் 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் குளோரைட்டு இருப்பின் நோய் உண்டெனக் கொள்வர். நாட்டார் வழக்கில் இருந்த நெற்றியுப்பு இவ்வாறு எண்ணாயிற்று.

இங்கு ஒரு நுட்பம் உளங்கொள்ளத்தக்கது. வியர்வைச் சோதனை நோய் உண்டா என்பதைச் சொல்லும். சதையி செயலிழந்ததா என்பதைச் சொல்லாது. இந்நோயினருள் ஏறத்தாழ 85 வீதத்தினர் பிறந்தபோதோ முதலாண்டுக்குள்ளோ சதையியின் பயனை இழக்கின்றனர். எஞ்சியோர்க்கு அது போதியவாறு இயங்குகின்றது. அவர்களுட் சிலரும் ஆண்டுகள் கழித்து அதனை இழப்பர். 1973இல் அமெரிக்காவின் யூஜின் டிமக்னோவும் உடனாய்வாளரும் வேறு சதையி நோயினரிடத்துக் கண்ட உண்மை இவ்விடர்ப்பாட்டை விளக்கும். இலிப்பேசு என்னும் கொழுப்பு நொதியம் பத்திலொரு பங்கிற்குக் குறையும்வரை மலத்தில் நெய் தோன்றுவதில்லை. சதையி தன் வலிமையில் ஒன்பது பங்கை இழக்கும்வரை வெளியே அடையாளம் காட்டாது என்பது இதன் பொருள். கண்ணாற் காணும் அறிகுறிக்குக் காத்திருப்பவர் மிகப் பிந்தியே அறிவர்.

அறிந்த பின்னும் கொடுக்கப்பட்ட மருந்து நெடுங்காலம் பயன்குன்றியே இருந்தது. இரைப்பை அமிலம் இலிப்பேசை அழித்துவிடும். ஆதலால் கொழுப்பையே தவிர்க்குமாறு பல நாட்டு மருத்துவர் விதித்தனர். ரொறன்ரோவில் டக்ளஸ் குரோசியர் 1970களில் இதற்கு மாறாகச் சென்று, வயிறார நெய்யுணவு கொடுத்து அதற்கேற்ப நொதியத்தையும் மிகுத்தார். அமிலம் தாக்காத பூச்சுடைய சிறுமணிகள் அப்பத்தாண்டின் பிற்பகுதியில் வந்தமை இம்முறைக்கு வலுவூட்டிற்று. பொஸ்ரன், ரொறன்ரோ ஆகிய இரு நகரங்களின் நோயாளரை ஒப்பிட்டு 1988இல் வெளிவந்த ஆய்வில், இடைநிலை ஆயுட்காலம் முறையே 21, 30 ஆண்டுகள் எனக் கண்டனர். இரண்டு மருத்துவமனைகளுக்கும் இடையில் புலப்பட்ட முதன்மையான வேறுபாடு உணவே.

தெற்காசியாவில் இந்நோய் இல்லை என்னும் கொள்கை மிகுந்த தீங்கு விளைத்தது. வெள்ளையர் நோய் என்று பாடநூல்கள் கூறியதால் இங்கு எவரும் தேடவில்லை, தேடாததால் காணவில்லை, காணாததால் இல்லையென்பது உறுதியாயிற்று. இந்தியக் குழந்தைகளைப் பற்றிய அறிக்கைகள் 1960களின் பிற்பகுதியில் வெளிவரத் தொடங்கின. இங்கிலாந்தில் மூன்று பாகிஸ்தானியக் குழந்தைகளைப் பற்றி 1974இல் எழுதினர். 1989இல் ஏழாம் நிறமூர்த்தத்திலுள்ள பரம்பரையலகு கண்டறியப்பட்டபோது, மேனாட்டாரிடம் மிகுந்து காணப்படும் மாற்றம் இந்தியரிடத்துக் குறைந்தே உள்ளது என்பதும் பின்னர் தெரியவந்தது. ஆகவே மேனாட்டு மாற்றங்களை மட்டும் தேடும் சோதனை இங்கு பலரைத் தவறவிடும். வியர்வைச் சோதனைக் கருவியின் விலையும் தடையாயிருந்தது. டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவனத்தார் உள்நாட்டிலேயே எளிய கருவியை ஆக்கிக்கொண்டனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் இந்நோய்க் குழந்தைகளுக்குச் சிகிச்சை நடைபெறுகின்றது. இலங்கையிலும் நோய் கண்டறியப்பட்ட குழந்தைகள் உளர்.

நெய்மலம் என்ற அறிகுறியைத் தென்னாசியத் தட்டில் வைத்து நோக்கியவர்கள் வேறொரு நோயை ஆராய்ந்தவர்களே. சதையியிற் கற்கள் விளைந்து, இளமையிலேயே நீரிழிவு தோன்றும் வெப்பமண்டலச் சதையியழற்சியை 1950களில் இந்தோனேசியாவில் சூய்டெமாவும், 1960களில் கேரளத்தில் கீவர்கீஸும் விரிவாக விளக்கினர். சென்னை நீரிழிவு மருத்துவர்களும் பிற்காலத்தில் இதனை ஆழ்ந்து ஆராய்ந்தனர். சதையி முற்றும் கெட்டிருந்தும் இந்நோயாளர் பலரிடம் நெய்மலம் காணப்படவில்லை. வறுமையால் அவர்கள் உண்ட கொழுப்பே சிறிது. சிறிதுண்டவனிடம் எது வழியும்? மேனாட்டுக் குழந்தையின் வெண்ணெயும் இறைச்சியும் வெளிப்படுத்திய குறையை, சோறும் மீனும் உண்ணும் குழந்தையின் வயிறு மறைத்துவிடும். தேங்காய்க் கொழுப்பின் ஒரு பகுதி நொதியத்தின் துணை பெரிதுமின்றியே உறிஞ்சப்படுவது என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும். இந்நிலத்தில் எடைகூடாமையே நெய்மலத்தினும் முந்திய சாட்சியாகக் கொள்ளத்தக்கது. ஆனால் எடைகூடாமைக்கு இங்கு ஆயிரம் காரணங்கள்.

ஐயம் இருக்குமாயின் எல்லோர்க்கும் மருந்தைக் கொடுத்துவிடலாகாதா என்ற வினா எழும். 1994இல் இங்கிலாந்தின் லிவர்பூலிலிருந்து வந்த அறிக்கை இதற்கு விடையளித்தது. வலிமை மிக்க நொதியங்களைப் பேரளவில் உட்கொண்ட ஐந்து குழந்தைகளுக்குப் பெருங்குடல் தடித்துச் சுருங்கிற்று. அதன்பின்னர் ஒருவேளை உணவுக்கு உடலெடையின் கிலோவுக்கு 2,500 இலிப்பேசு அலகும், நாளொன்றுக்கு 10,000 அலகும் மிகாதிருக்குமாறு எல்லை வகுத்தனர். இம்மருந்து பன்றியிலிருந்து பெறப்படுவதும் கற்பிட்டி போன்ற, முஸ்லிம்கள் பெருந்தொகையினராய் வாழும் நிலத்திற் சிறு செய்தியன்று. உயிர்காக்கும் தேவைக்கு விலக்குண்டு என்பது இஸ்லாமியச் சட்டநெறியில் அறியப்பட்ட கோட்பாடே. ஆயின் அத்தேவை உண்மையானதா என்று தந்தை கேட்கும்போது, மருத்துவர் ஊகத்தை விடையாகக் கூறுதல் பொருந்தாது.

1990களில் வந்த இலாசுத்தேசு–1 சோதனை இவ்விடத்தில் உதவுகின்றது. சதையி சுரக்கும் இந்நொதியம் குடலில் அழியாது மலத்தில் வெளிப்படும். மலத்தின் ஒரு கிராமில் 200 மைக்கிரோகிராமுக்குக் குறைந்தால் சதையிக் குறையை ஐயுறலாம். 100க்குக் கீழெனில் ஐயம் பெரிதும் நீங்கும். சோதனை மனித நொதியத்தை மட்டுமே இனங்காணுமாறு அமைந்திருப்பின், பன்றியின் நொதியத்தை உட்கொண்டிருந்தாலும் கணக்குப் பிழைப்பதில்லை. நீர்போன்ற கழிச்சலில் மட்டும் அளவு பொய்யாய்க் குறையும். ஆதலின் மீளச் செய்தல் வேண்டும். இழந்த சதையி மீளாது என்ற முடிவும் அசையத் தொடங்கியுள்ளது. 2012இல் அனுமதி பெற்ற ஐவகாப்டர் என்னும் மருந்தை மிக இளவயதிலேயே பெற்ற சில குழந்தைகளில் இலாசுத்தேசு மீண்டும் உயர்ந்தது. அம்மருந்து பயன்படுவது சிலவகை மாற்றமுடையோர்க்கே. அதன் விலையோ இந்நாட்டுக் குடும்பங்களுக்கு எட்டாதது.

வியர்வைச் சோதனைக்குக் குழந்தை தானே நகரத்திற்குச் செல்லவேண்டும். இலாசுத்தேசு அவ்வாறன்று. பனிக்கட்டியின்றிச் சில நாட்கள் அது கெடாதிருக்கும்; விரலளவு மலத்தைச் சிறு குப்பியில் அடைத்துக் கண்டக்குழியிலிருந்து பேருந்திற் கொழும்புக்கு அனுப்பலாம். அதனை அனுப்பவேண்டும் என்ற ஐயம் முதலில் எழுவது, வீடுவீடாய்ச் செல்லும் மருத்துவமாதின் கையிலுள்ள வளர்ச்சி அட்டையில், மேலேற வேண்டிய கோடு மூன்று மாதமாய்க் கிடையாக ஓடும் அந்த இடத்திலேயே ஆகும்.