ஐ.இ.எல்.டி.எஸ் பயமா? முதல்ல உங்க ஊரைப் பத்திப் பேசுங்க!

சங்கரன்கோவில் பக்கம் கரிவலம்வந்தநல்லூர்தான் உங்க ஊர்னு வெச்சுக்கோங்க. அங்க இருக்கிற பால்வண்ணநாதர் கோயிலைப் பத்தி இரண்டு நிமிஷம் இங்கிலீஷ்ல பேச முடியுமா? ஐ.இ.எல்.டி.எஸ் ஸ்பீக்கிங் தேர்வின் இரண்டாவது பகுதி கிட்டத்தட்ட இதுதான். கையில் ஒரு அட்டை கொடுப்பாங்க. 'உங்களுக்குப் பிடித்த இடம்' மாதிரி ஒரு தலைப்பு இருக்கும். குறிப்பெடுக்க 1 நிமிஷம், பேச 1 முதல் 2 நிமிஷம்.

இங்கதான் பலர் தடுமாறுறாங்க. இன்டர்நெட்ல கிடைச்ச லண்டன் மியூசியம் பதிலை மனப்பாடம் பண்ணி ஒப்பிப்பாங்க. தேர்வாளர் அதைச் சட்டுனு கண்டுபிடிச்சிடுவார், மதிப்பெண்ணும் குறையும். நாக்கைச் சுழற்றி வெள்ளைக்காரர் மாதிரி பேசவும் வேண்டாம். நீங்க சொல்றது தெளிவாப் புரிஞ்சா போதும். தினமும் ஒரு தலைப்பு, ஆடித்தபசுக் கூட்டமோ அம்மாவோட சமையலோ, போன்ல பேசிப் பதிவு பண்ணுங்க. கேட்கக் கூச்சமாத்தான் இருக்கும், ஆனாலும் கேளுங்க.

ரைட்டிங்ல 60 நிமிஷத்துல இரண்டு கேள்வி. இரண்டாவதுக்கு இரட்டிப்பு மதிப்பு, அதனால 40 நிமிஷத்தை அதுக்கு ஒதுக்குங்க. லிசனிங்ல ஆடியோ ஒரே ஒரு முறைதான் ஓடும், ஸ்பெல்லிங் தப்பானா அந்த மார்க் போச்சு. தப்பான பதிலுக்கு மைனஸ் கிடையாது, காலியா விடாதீங்க.

கட்டணம் 15,000 ரூபாய்க்கு மேல. அரை பேண்டு குறைஞ்சாலே அட்மிஷன் கை நழுவலாம். அதனால அகாடமிக்கா, ஜெனரலா, எத்தனை பேண்டுன்னு நீங்க சேரப்போற பல்கலைக்கழகத்தோட இணையதளத்தைப் பார்த்துட்டுப் பணம் கட்டுங்க. தேர்வன்னிக்கு ஆதார் செல்லாது, பாஸ்போர்ட்தான் வேணும்.