அச்சுப்பொறியில் தொடங்கிய உரிமப் போராட்டம்

என் வீட்டு அலமாரியின் மேல் ஓர் அச்சுப்பொறி பல மாதங்களாகச் சும்மா கிடந்தது. பழுது எதுவும் இல்லை. நான் கணினியை மாற்றினேன். புதிய இயங்குதளத்திற்கு ‘டிரைவர்’ வெளியிடப் போவதில்லை என்று தயாரிப்பாளர் கைவிரித்துவிட்டார். டிரைவர் என்பது கணினியின் கட்டளையைக் கருவிக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லும் மென்பொருள். அது இல்லாவிட்டால் கருவி வெறும் பெட்டிதான்.

அந்த மென்பொருளைத் திருத்தும் உரிமை யாருக்கு? இந்தக் கேள்வியைப் பெரிதாக்கியதும் ஓர் அச்சுப்பொறிதான். 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்திற்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் அச்சுப்பொறியை அன்பளிப்பாகத் தந்தது. அதில் காகிதம் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். அங்கிருந்த பழைய அச்சுப்பொறியில், காகிதம் சிக்கினால் காத்திருப்போருக்குச் செய்தி போகும்படி ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புதியதில் அது முடியவில்லை. காரணம், மனிதர் படிக்கக்கூடிய மூல நிரலை நிறுவனம் தரவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அது இருப்பதாகக் கேள்விப்பட்டு நேரிலேயே போய்க் கேட்டார். பிறருக்குத் தருவதில்லை என்று வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லி அவர் மறுத்தார். ஸ்டால்மன் பதில் பேசாமல் வெளியேறினார்.

1983இல் குனு திட்டத்தை அறிவித்தார். 1989இல் ஜி.பி.எல். உரிமம் வந்தது. நிரலைத் திருத்தலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் பிறருக்குக் கொடுக்கும்போது மூல நிரலையும் கொடுக்க வேண்டும். லினஸ் டோர்வால்ட்ஸ் 1992இல் தம் லினக்ஸை இதே உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார்.

சிக்கல் அங்கேதான் முளைத்தது. லினக்ஸின் மையப் பகுதி ஓயாமல் மாறுகிறது. நிரல் திறந்திருந்தால் டிரைவரையும் கூடவே மாற்றிக்கொள்ளலாம். மூடியிருந்தால் நிறுவனத்தின் தயவுக்குக் காத்திருக்க வேண்டும். போட்டியாளர் தொழில் இரகசியத்தை அறிந்துவிடுவார் என்ற நிறுவனங்களின் அச்சத்தையும் நான் ஒதுக்கிவிட மாட்டேன். ஆனால் ஏ.எம்.டி. 2007லேயே தன் கிராஃபிக்ஸ் சில்லுகளின் தொழில்நுட்பக் குறிப்புகளை வெளியிடத் தொடங்கிவிட்டது. என்விடியா பிடிவாதமாக இருந்தது. 2012இல் பின்லாந்துப் பல்கலைக்கழக மேடையொன்றில் டோர்வால்ட்ஸ் அந்த நிறுவனத்தை நோக்கிக் காட்டிய சைகையை எங்கள் தொலைக்காட்சியில் ஒளிபரப்ப முடியாது! 2022 மே மாதம் என்விடியா தன் டிரைவரின் ஒரு பகுதியை, மையப் பகுதியோடு இணையும் நிரலை மட்டும், திறந்த உரிமத்தில் வெளியிட்டது.

என் அச்சுப்பொறிக்கு வருகிறேன். நண்பர் ஒருவர் பழைய மடிக்கணினியில் லினக்ஸைப் போட்டுத் தந்தார். யாரோ எழுதிய திறந்த டிரைவர் அதிலேயே இருந்தது. அன்றிரவே மகளின் பள்ளிப் பாடம் அச்சாகி வந்தது.