படம் எடுக்கும் முன் பார்க்கப் பழகியவர்



புதுக் கேமராவோ செல்போனோ வாங்கியவுடன் உங்களில் பலர் என்னிடம் கேட்பது, "சார், படம் எடுக்க எங்கே போகலாம்?" பதிலாக ஒரு மனிதரின் கதையைச் சொல்கிறேன்.

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் நெல்லைச் சீமை. திருநெல்வேலியில் 1912-இல் பிறந்தவர் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. காட்டுயிர்ப் படங்களாலும் கட்டுரைகளாலும் நாடறிந்தவர். பத்மஸ்ரீ பெற்றார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்தபோது, பேராசிரியர் ஃபைசனோடு நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் செடி தேடி நடந்தார். பேராசிரியரின் மனைவியிடம் நீர்வண்ண ஓவியம் கற்றார். செடியை வரைய உட்காருகிறவன், இலை எதிரெதிராக இருக்கிறதா, மாறி மாறி இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். கண் பழகும் பள்ளிக்கூடம் அது.

பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்து அவரே ஒரு கேமரா செய்துகொண்டு, அதற்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார். கலர் ஃபிலிம் வந்த பிறகும் கறுப்பு வெள்ளையை விடவில்லை. அதில் வண்ணம் துணைக்கு வராது. வெளிச்சமும் உருவமும்தான் பேசவேண்டும்.

கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை, 46 ஆண்டுகள் தொடர்ந்து எழுதினார். யானையைப் பற்றி மட்டுமல்ல, வீட்டு முற்றத்துக் காக்கை, அணில் பற்றியும் அதே அக்கறையோடு எழுதினார்.

இனி நம் ஊருக்கு வருவோம். சுசீந்திரம், தேரூர் குளங்களுக்கு 2022-இல் ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. அந்த வழியாக எத்தனை தடவை பஸ்ஸில் போயிருக்கிறோம்! மார்கழியில் அங்கே இருக்கும் பறவைகளில் எவை ஆடியில் இருக்காது என்று நம்மில் எத்தனை பேரால் சொல்லமுடியும்? வயல்கள் வீட்டுமனை ஆவதைக் கண்ணெதிரே காண்கிறோம். நாம் பார்த்துப் பழகாத குளத்தில் நாளை மண் விழுந்தால், என்ன போயிற்று என்றே நமக்குத் தெரியாது.

ஆகவே மக்களே, ஒரு வீட்டுப்பாடம். உங்கள் ஊரில் ஒரு குளமோ மரமோ தேர்ந்தெடுங்கள். ஒரு வாரம் தினமும் ஒரே நேரத்தில், கேமரா இல்லாமல் போய் அரைமணி நேரம் நில்லுங்கள். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, யார் வருகிறார்கள், எந்தக் கொம்பில் எந்தப் பறவை உட்காருகிறது என்று நோட்டில் எழுதுங்கள். எட்டாம் நாள் படம் எடுத்து, நோட்டோடு எனக்கு அனுப்புங்கள். ரிட்டயர்டு ஆனாலும் மார்க் போடும் சிவப்புப் பேனா இன்னும் என் கையில்தான் இருக்கிறது.